தொண்டை கட்டிய பிரசங்கியார்

போன மாதம் எங்கள் ஊருக்கு ஒரு பேச்சாளர் வந்தார். வந்தவருக்குப் பேச்சு வரவில்லை.

உவமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டிப்பெரியார் ஜங்ஷனில் காரை விட்டு இறங்கினார். இரண்டு கைகளையும் விரித்தார். வாயைத் திறந்தார்... வெறும் காற்று! சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கினால் ஒரு சத்தம் வருமே, அது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மருந்துக்கடை வைத்திருக்கிற மனிதர். ஊரில் பாதித் தொண்டைகள் அவருக்கு அத்துப்படி.

"போச்சு," என்றார்.

என்ன போச்சு என்று நான் கேட்கவில்லை. ஊரெல்லாம் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர்கள் என் கண்முன்னால் வந்துபோயின.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் பங்குத்தந்தை ஃபாதர் ஜோபி. மலையாளி. எங்களுக்குத் தமிழில் பூசை வைப்பதற்காகவே தமிழ் கற்றுக்கொண்ட நல்ல மனிதர். அந்தத் தமிழில் இன்னும் கொஞ்சம் மலையாளம் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரே, நம்ம யூத்து பள்ளிக்கு வரலியே," என்று வருத்தப்பட்டார்.

நான் ரிட்டையர் ஆன வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து, "எந்த கிளாஸ் ஃபாதர்?" என்று கேட்டுவிட்டேன். மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில். இத்தனை வருடம் கேரளாவில் இருந்தும் எனக்கு இது அவ்வப்போது மறந்துவிடும்.

பையன்கள் வருவதில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வருவார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குச் சரியான நேரத்துக்கு வந்து, கோயில் மதில் ஓரம் பைக்கை நிறுத்தி, பைக் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே பிரசங்கம் தொடங்கினால் வெளியே கூட்டம் கூடும். பிரசங்கம் நீளமாக இருந்தால் ஒருவன் போய் எல்லோருக்கும் டீ வாங்கிவருவான்.

இதற்கு மருந்து என்ன? வேறென்ன... ஒரு பேச்சாளரைக் கூப்பிடுவது! போன வருடம் ஒருவரைக் கூப்பிட்டோம். பிள்ளைகள் வந்தார்கள், கைதட்டினார்கள், சாப்பிட்டார்கள், பைக்குக்குத் திரும்பிவிட்டார்கள். ஆகவே இந்த வருடம் அவரைவிடப் பெரிய பேச்சாளர். மருந்து கேட்கவில்லை என்றால் டோஸைக் கூட்டுவதுதானே வழக்கம்?

அப்படித்தான் பிரதர் டெரன்ஸைப் பிடித்தார்கள். சாமியார் இல்லை. மனைவி, குழந்தைகள் உள்ளவர். கத்தோலிக்க இளைஞர்களுக்கு ஊழியம் செய்வதற்காக வேலையை விட்டவர். யூட்யூபில் அவர் பேசுவதைப் பார்த்தேன். மேடையில் நிற்கவே மாட்டார். ஓடுவார், முழங்கால் போடுவார், திடீரென்று தணிந்த குரலுக்குப் போவார், அடுத்த நொடி இடி இடிப்பார். அந்தக் குரல்! அதை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் மீன் விற்றாலும் வாங்க வந்தவர்கள் மனம் திரும்புவார்கள்.

நிகழ்ச்சிக்கு 'பற்றி எரி!' என்று பெயர் வைத்தார்கள். பேனரில் பிரதர் முழு உயரத்துக்கு நின்றார், முதுகுக்குப் பின்னால் தீ. அவருக்குக் கீழே கொஞ்சம் சின்னதாக ஃபாதர் ஜோபி. இயேசு மேல் மூலையில், ஸ்டாம்ப் சைஸில். மழைக்காலம் வேறு. எல்லாத் தீயிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏற்பாடு முழுக்க ஸ்டெல்லாவின் தலையில். எங்கள் இளைஞர் இயக்கத் தலைவி. குமுளியில் ஏலக்காய்த் தோட்டம் சுற்றிக்காட்டுகிற வேலை பார்க்கிறாள். ஓனர் மலையாளத்தில் சொல்வதை வடநாட்டுக்காரர்களுக்கு இந்தியிலும் மதுரைக்காரர்களுக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். வாய்த்துடுக்கு உண்டு. பிரதரின் மேனேஜர் அவளிடம் போனில், "பிரதர் ஜெபிக்கும்போது ஸ்டேஜ்ல புகை வரணும் சிஸ்டர், மெஷின் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"மெஷின் எதுக்குண்ணே? இங்க வெளியில பூராம் பனிப்புகைதான். ஜன்னலைத் திறந்துவிட்டாப் போதும்," என்றாளாம் இவள்.

இவ்வளவும் தயார். பேச வேண்டியவருக்குத்தான் குரல் இல்லை.

என்ன நடந்ததென்றால், அந்த வாரம் முழுக்க ஊர் ஊராகக் கூட்டம். தொண்டை ஏற்கெனவே கரகரவென்று இருந்திருக்கிறது. சனிக்கிழமை கம்பத்திலிருந்து மலை ஏறும்போது ஒரு வளைவில் காரை நிறுத்தி, தூறலில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து ஃபேஸ்புக் லைவில் 'அல்லேலூயா!' போட்டிருக்கிறார். மேலே வந்தபோது மிச்சம் இருந்தது காற்றுதான்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்," என்றார்.

"ரெண்டு நாளோ?" ஃபாதர் ஜோபி பதறிவிட்டார். "கன்வென்ஷனே ஒரு நாளல்லே டாக்டரே!"

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பங்கு ஹாலில் அவசரக் கூட்டம். வெளியே பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தெல்லாம் ஜீப் ஜீப்பாகப் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். பழைய வீடியோவைத் திரையில் போடுவோம், பிரதர் மேடையில் நின்றால் போதும். போட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊர் நெட், வாய் பிளந்த நிலையில் பிரதரை நிறுத்திவிட்டு, முகத்தின் மேல் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்படியானால் ஆடியோவை மட்டும் ஓடவிட்டு வாயசைக்கலாமா என்றார். பிரதர் டெரன்ஸ் அழுத்தமாகத் தலையாட்டி மறுத்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்க ஆரம்பித்தது.

"என் காதுல சொல்லட்டும். நான் சொல்றேன்," என்றாள் ஸ்டெல்லா. "தோட்டத்துல தினமும் அதான செய்யுறேன்?"

டாக்டர் கிசுகிசுக்கக் கூடாது என்றது என் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. ஹாலில் பிள்ளைகள் நிரம்பிவிட்டார்கள்.

நான் முன்வரிசையில், மடியில் வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் பிரதர் சொல்வது பாதி என் காதிலும் விழுந்தது. ஆகவே நடந்த மொழிபெயர்ப்புக்கு நானே சாட்சி.

முதலில் பிரதர் அவள் காதில் நீளமாக ஏதோ சொன்னார். தமிழக மறைமாவட்டங்கள், மலைகளின் அரசி, தேயிலையின் பசுமை எல்லாம் அதில் வந்தன. ஸ்டெல்லா மைக்கைப் பிடித்தாள்.

"பிரதர் எல்லாருக்கும் வணக்கம் சொல்றாரு."

சிரிப்பு. பிரதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு இன்னும் நீளமாக, கைகளைச் சிறகு மாதிரி விரித்துச் சொன்னார்.

"கழுகு கதை. வாட்ஸ்அப்ல உங்க எல்லாருக்கும் வந்ததுதான். அடுத்ததுக்குப் போயிரலாம்."

பின்வரிசையில் விசில். பிரதர் விடவில்லை. முஷ்டியை மடக்கி, பல்லைக் கடித்து, இளைஞர்களின் எதிரி என்று செல்போனைப் பற்றிச் சொன்னார்.

"பிரதர் போனைத் தூக்கிப் போடச் சொல்றாரு. ஈஎம்ஐ முடிஞ்சவங்க போடலாம்."

ஹால் அதிர்ந்தது. மதில் ஓரத்து பைக் பார்ட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து நின்றது. ஃபாதர் ஜோபி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பிரதரைப் பார்த்தேன். மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று பயம். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எதிரே இருந்த லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தார். இனிமேல் நீங்கள் கேளுங்கள் என்று பிள்ளைகளை நோக்கிக் கையைக் காட்டினார்.

வழக்கமாக இதெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, தொந்தரவில்லாத கேள்விகளாகப் பொறுக்கி எடுத்துப் படிப்பார்கள். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. நேராகக் கேட்கச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஒரு பையன், "பூசைக்கு வராட்டி பாவமா பிரதர்?" என்றான். ஸ்டெல்லா காதைக் கொடுத்து வாங்கினாள். "பாவந்தானாம். ஆனா வந்துட்டு வெளியில பைக் மேல உக்காந்திருந்தா அது என்ன கணக்குன்னு பிரதருக்கே குழப்பமா இருக்காம்." மறுபடி சிரிப்பு.

அப்போது பின்னாலிருந்து சகாயம் எழுந்தான்.

சகாயத்தை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவன். டீ ஃபேக்டரியில் வேலை. அவனுடைய அண்ணன் பிரான்சிஸ், போன வருடக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் பனியில் பைக் சறுக்கி, கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனான். அந்த நாட்களில் எங்கள் பங்கு முழுவதும் அவனுக்காக ஜெபமாலை சொன்னது. அவன் அம்மா செல்வமேரி, கொழுந்து கிள்ளுகிறவள், ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவே இல்லை.

சகாயம் பேச ஆரம்பித்ததும் சிரிப்பு தானாக அடங்கியது.

"போன வருசம் இதே ஹால்ல ஒருத்தர் பேசினாரு. சாயங்காலக் கூட்டத்துக்கு அப்பா அம்மாவையும் கூட்டியாங்கன்னு சொன்னாக. நான் எங்கம்மாவக் கூட்டியாந்தேன். அவர் சொன்னாரு, 'நீ கேட்டது கெடைக்கலைன்னா ஆண்டவர் மேல தப்பில்ல, உன் விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு, தேடிப் பாரு'ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அன்னைக்கிலருந்து எங்கம்மா கோயிலுக்கு வரல. 'எம்புள்ளய நான்தேன் கொன்னுட்டேன்'ங்குது. நான் என்ன சொன்னாலும் கேக்கல. பிரதர், எங்க வீட்டுல யாரு விசுவாசத்துல ஓட்டை? அண்ணன் ஏன் செத்தான்? இங்கிருந்து வீட்டுக்குப் போனா, அம்மா கேட்டா... நான் என்ன சொல்லட்டும்?"



ஸ்டெல்லா அடுத்த லயத்துக்காரி. எஸ்டேட்டில் வரிசை வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்போம். இரண்டு குடும்பமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அவளுக்கு அந்த வீட்டு அழுகை தெரியும். அவள் முகத்தில் துடுக்கெல்லாம் போய்விட்டது. பிரதர் பக்கம் காதைக் கொண்டுபோனாள்.

பிரதர் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஏதோ சொன்னார். மிகச் சின்னது.

"என்ன?" என்றாள் ஸ்டெல்லா. மைக்கில் அதுவும் கேட்டது.

திரும்பச் சொன்னார். அவள் நிமிர்ந்தாள்.

"பிரதர் சொல்றாரு... 'எனக்குத் தெரியல'ன்னு."

நான் எத்தனை தியானங்கள், எத்தனை கன்வென்ஷன்கள் பார்த்திருக்கிறேன்! மேடையில் நின்று ஒரு பேச்சாளர் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதே இல்லை. கடைசி வரிசையில் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லவா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார் என்று யாராவது கேட்டிருந்தால், அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

யாரும் கேட்கவில்லை.

பிரதர் மறுபடி அவள் காதுக்குப் போனார். இந்த முறை ஸ்டெல்லா எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ஒவ்வொரு வரியாக வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"'ஆனா ஒண்ணு தெரியும். உங்கம்மாவோட விசுவாசம் கொறஞ்சு உங்க அண்ணன் சாகல.' ...'அப்படிச் சொன்னது தப்பு.' ...'நானும் மேடையில அப்படிப் பேசியிருக்கேன். கை தட்டுவாங்க. யாரு அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்கன்னு நின்னு பாத்ததில்ல.'"

கடைசி வரியில் ஸ்டெல்லாவின் குரலும் கம்மிவிட்டது. மேடையில் இப்போது தொண்டை கட்டியவர்கள் இரண்டு பேர்.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். மரவள்ளியும் மாட்டுக்கறியும் சேர்த்துக் கிண்டிய கப்பா பிரியாணி. எங்கள் மலையில் எந்த எழுப்புதல் கூட்டமும் அது இல்லாமல் எழும்பாது. சாப்பாட்டுக்குப் பிறகு 'நெருப்பு நேரம்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. பாட்டு, லைட், ஜெபம். பிரதர் தட்டைக் கழுவிவைத்துவிட்டு என்னிடம் வந்தார். சகாயத்தைக் காட்டினார், வீடு இருக்கிற மலைப்பக்கம் விரலை நீட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நெருப்பு நேரம்?" என்று மேனேஜர் குறுக்கே வந்தார்.

"அதை நான் பாத்துக்கிறேன்," என்றார் ஃபாதர் ஜோபி. மழையில் எரிகிற வேலையை அவரிடம் விட்டுவிட்டு, பிரதர், சகாயம், ஸ்டெல்லா, நான், நால்வரும் ஒரு ஜீப்பில் ஏறினோம்.

ஞாயிறு என்பதால் செல்வமேரி வீட்டில் இருந்தாள். ஈரத் துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் பளபளப்பான ஷூவுமாக நின்ற ஆளைப் பார்த்ததும் அப்படியே சுருங்கிவிட்டது. பேனரில் பார்த்த முகமாயிற்றே.

"பிரசங்கியாரா?" கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். கோவிச்சுக்கிறாதீக. எனக்குப் பிரசங்கம் கேட்டது போதும்."

சகாயம் தலையைத் தொங்கப்போட்டான். ஸ்டெல்லாதான் சொன்னாள்.

"இவரு பேச மாட்டாரு சித்தி. தொண்டை கட்டிக்கிருச்சு. டாக்டரே பேசக் கூடாதுன்னுட்டாரு."

செல்வமேரி பிரதரைப் பார்த்தாள். பிரதர் தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார்.

"நெசமாவா?"

"சத்தியமா சித்தி."

"அப்ப உள்ள வரச் சொல்லு."

இந்த ஒரு வரிக்காகவே இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். இளைஞர்களை எப்படி ஈர்ப்பது, விலகிப்போனவர்களை எப்படி அழைப்பது என்று எத்தனை கருத்தரங்கு நடத்துகிறோம்! ஒரு வீட்டின் கதவு எதற்குத் திறந்தது பார்த்தீர்களா?

அடுப்பு ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்தாள். முதலில் தொண்டையைப் பற்றித்தான் பேசினாள். மிளகைத் தட்டி, துளசி போட்டு, கருப்பட்டி சேர்த்து, பால் விடாத கட்டங்காப்பி வைத்துக் கொடுத்தாள். "மெதுவாக் குடிங்க தம்பி. என் பெரியவனுக்கும் இப்படித்தேன் கட்டிக்கும். பாட்டுக் குழுவுல கத்து கத்துன்னு கத்துவான்..."

அங்கிருந்து பிரான்சிஸ் வந்துவிட்டான். அவன் பாடிய பாட்டு, ஓட்டிய வண்டி, கருவாட்டுக் குழம்பு இருந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தது. செல்வமேரி பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பிரதர் டம்ளரை இரண்டு கைக்குள் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? ஆறுதல் சொல்ல வழியில்லை. குறுக்கே வசனம் எடுத்துவிட வழியில்லை. நாங்கள் யாராவது வாயைத் திறந்தால்தான் உண்டு. அவர் மௌனமாக இருக்கும்போது எங்களுக்கும் பேச வரவில்லை.

பிறகு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன் தம்பி."

சகாயம் நிமிர்ந்தான்.

"வராந்தாவுல உக்காந்து ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன். மாதாவே, எம்புள்ளய விட்டுருன்னு. பாதியில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நர்ஸ் பிள்ளை முன்னால நிக்குது... முடிஞ்சு போச்சு. கையில மாலை பாதியில நிக்குது. அந்தப் பிரசங்கியார் ஓட்டை ஓட்டைன்னாரே, எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் தூங்கின நேரம்தேன் ஓட்டை. இன்னுங் கொஞ்சம் முழிச்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொந்த மகனிடம்கூட.

பிரதரின் உதடு அசைந்தது. என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். இயேசு பிடிபட்ட இரவில், விழித்திருக்கச் சொல்லியும் கெத்சமனித் தோட்டத்தில் சீடர்களும்தான் தூங்கினார்கள். எந்தப் பேச்சாளருக்கும் அந்த இடத்தில் அதுதான் நாக்கில் வரும். நல்ல உதாரணம்தான், வேதத்தில் உள்ளதுதான். ஆனால் குரல் வரவில்லை. உதட்டைத் திறந்து, மூடிக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

நல்ல வேளை. ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் சகாயம் எழுந்துபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"யம்மா... நீ ராவும் பகலும் முழிச்சுக் கெடந்தே. சோறு தண்ணி இல்லாம. ஒடம்புதானம்மா அது? நீ தூங்கினது நான்தான் பாத்தேன். செவுத்துல தலை இடிக்காம பொடனியில துண்டை மடிச்சு வச்சதே நான்தான். எழுப்பிறாதீங்கன்னு நர்ஸ்கிட்ட நான்தான் சொன்னேன்."

செல்வமேரி அவனைப் பார்த்தாள். "அந்தத் துண்டு நீ வச்சதா?"

"ஆமா."

"நான் யாரோ வச்சாங்கன்னு நெனச்சேன்..."

மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒப்பாரி இல்லை. ரொம்ப நாளாக நின்றுபோயிருந்த ஏதோ ஒன்று நகர ஆரம்பித்த மாதிரி ஒரு அழுகை. ஸ்டெல்லா வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தேன். அத்தனை நாளும் அம்மாவும் மகனும் அந்த வராந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருவருக்கொருவர் பயந்து, ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

கிளம்பும்போது பிரதர் அவள் முன்னால் தலையைக் குனிந்தார். அவர்தான் எல்லார் தலையிலும் கைவைத்து ஜெபிப்பவர், வீடியோவில் பார்த்திருக்கிறேன். செல்வமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவர் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அம்மாக்கள் போடுவார்களே, அது மாதிரி.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

பங்குப் பேரவை கூடி நிகழ்ச்சியை அலசியது. முக்கியப் பேச்சாளர் பேசவில்லை, மதியத்துக்குமேல் ஆளே இல்லை, ஆகவே நிகழ்ச்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. மேனேஜர் ஃபேஸ்புக்கில் 'தேயிலை மலைகளில் பற்றியெரிந்த எழுப்புதல்!' என்று போட்டோ போட்டிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் படித்தேன்.

பைக் பையன்கள் இன்னும் பைக் மேல்தான் இருக்கிறார்கள். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பூசை முடிந்ததும் அவர்களில் சிலர் ஸ்டெல்லாவோடு லயங்களுக்குப் போகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, பெரியவர்கள் தனியாகக் கிடக்கிற வீடு. போய் உட்காருவார்கள். விறகு பிளக்க வேண்டியிருந்தால் பிளப்பார்கள். போதனை கிடையாது, ஜெபம்கூட அவர்கள் கேட்டால்தான். ஃபாதர் ஜோபிக்கு ஒரே சந்தோஷம். இதற்கு 'செவிமடுக்கும் ஊழியம்' என்று பெயர் வைத்து, தொடக்க விழா நடத்தி, ஒரு சிறப்புப் பேச்சாளரையும்...

"ஃபாதர், பேனர் கட்டினா நாங்க போக மாட்டோம்," என்றுவிட்டாள் ஸ்டெல்லா. இதுவரை கட்டவில்லை.

பிரதர் டெரன்ஸ் போன வாரம் எனக்குப் போன் செய்தார். குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. அந்த மலைவீட்டில் தான் கற்றுக்கொண்டதைப் பற்றி, கேட்பதன் மகத்துவத்தைப் பற்றி, மௌனத்தின் வல்லமையைப் பற்றி நீளமாகப் பேசினார். நடுவில் நான் ஒரு வார்த்தை நுழைக்கப் பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் கூட்டம் முடிந்ததும் உடனே காரில் ஏறுவதில்லையாம். வாசலில் நிற்கிறாராம், யார் அழுதுகொண்டு போகிறார்கள் என்று பார்க்க.

செல்வமேரி? கோயிலுக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசகம் முடிந்து ஃபாதர் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமியதும் எழுந்து வெளியே போனாள். பிரசங்கம் முடிந்ததும் உள்ளே வந்து, நற்கருணை வாங்கி, முழந்தாளிட்டு ரொம்ப நேரம் இருந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஃபாதர் ஜோபி பார்த்துவிட்டார். அதிலிருந்து அவர் பிரசங்கம் வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே வருகிறது. வெளியே டீ வாங்கப் போகிறவன் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

இந்த ஞாயிறு பூசை விட்டதும் செல்வமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அன்னைக்கு வந்தாரே அந்தப் பிரசங்கியார் தம்பி... அவர மறுபடி கூட்டியாருவீகளா?"

"எதுக்கு செல்வமேரி?"

"எம்புட்டு பேரு வந்து பேசியிருக்காக. அவர மாதிரி யாரு டீச்சர் பேசினா? மனசுல அப்படியே நிக்கிது!"

நான் திருத்தவில்லை.